பிறக்காதவர்களிடம் கேட்ட சம்மதம்

பிறக்காதவர்களுக்கு ஏ.சி. போட்டிருந்தார்கள். பிறந்து தொலைத்தவர்கள் வெயிலில் நின்றார்கள்.

செங்கழிக்குப்பத்துக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரத்துக் கல்யாண மண்டபத்தின் வாசலில் பொது விசாரணைக்காகக் காலையிலிருந்தே வரிசை. ஊர்க்காரர்களை ஒவ்வொருவராகத் தடவிப் பார்த்து உள்ளே விட்டுக்கொண்டிருந்தது போலீஸ். கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியவர்களுக்கு அந்தச் சோதனையெல்லாம் கிடையாது. அவர்கள் ஏற்கெனவே முன்வரிசை நாற்காலிகளைப் பிடித்து உட்கார்ந்து மோர் பாக்கெட்டைக் கடித்து உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். எந்த ஊர் என்று கேட்டிருந்தால் ஆளுக்கொரு ஊர் சொல்லியிருப்பார்கள். லோகேஸ்வரியின் தலையில் கிடந்த கறுப்புத் துப்பட்டாவை ஒரு பெண் போலீஸ் உருவி எடுத்து மேசைக்கு அடியில் போட்டாள். கறுப்பு என்றால் அது கொடியாம்.

“வெயிலுக்குப் போட்டுகினு வந்தது மேடம்,” என்றாள் லோகா.

“உள்ள ஏ.சி. இருக்கும்மா. போ, போ.”

அந்த ஏ.சி.யும் ஊருக்காகப் போட்டதில்லை. மேடையில் பீரோ பீரோவாக நின்ற கணினிகள் சூடு தாங்காதாம். ஊர் மட்டும் எதையும் தாங்கும். முப்பது வருடமாக அனல்மின் நிலையத்துச் சாம்பலைத் தாங்கியது, கப்பல் எண்ணெயைத் தாங்கியது, இப்போது பாட்டரியையும் தாங்கும் என்று யாரோ எங்கோ உட்கார்ந்து முடிவு செய்துவிட்டார்கள். நாடு முழுக்க ஓடித் தேய்ந்த மின்சாரக் கார்களின் பாட்டரிகளைக் கொண்டுவந்து உடைத்து உருக்கும் ஆலை. அதற்கு ‘பசுமை மீட்பு வளாகம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். பெயர் வைப்பதில் அவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை.

லோகாவுக்கு இருபது வயது. ஆற்றைக் காப்பாற்றுவதற்காக ஊர்ப் பையன்களும் பெண்களும் சேர்ந்து நடத்தும் ‘ஆத்துப் புள்ளைங்க’ சங்கத்துக்கு அவள்தான் செயலாளர். ஆறு என்று அவர்கள் சொல்வது ஊருக்கு மேற்கே கிடக்கும் கழிமுகத்தை. அவள் பக்கத்தில் நின்ற இம்மானுவேல் சட்டக் கல்லூரி இரண்டாம் வருடம். அவனுக்கும் பக்கத்தில், புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டு லோகாவின் அக்கா செல்வராணி. அம்மா அப்பா போன பிறகு லோகாவை வளர்த்தவள். புருஷன் மீன்பிடிப் படகில் போனால் திரும்ப வாரக்கணக்காகும். சங்கம், கோஷம் எதிலும் சேராதவள். கம்பெனி தரும் பிரியாணி டோக்கனுக்காகத்தான் அக்கா வந்திருக்கிறாள் என்று லோகா வழியெல்லாம் கிண்டல் செய்திருந்தாள்.

“ஏண்டா இம்மான்,” என்றாள் செல்வராணி. “பொறக்காததுங்க வந்து பேசும்ன்றாங்களே, பேய் மாதிரியா?”

“பேய்லாம் இல்லக்கா. நம்ம ஊரையே கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சிகிறாங்க. நம்ம ஆஸ்பத்திரி கார்டு, இஸ்கூல் மார்க்கு, போனு, காத்து, தண்ணி எல்லாம். அந்த ஆலை வந்தாக்கா எப்டி இருக்கும்னு அறுபது வருசத்துக்கு ஓட்டிப் பாக்கறாங்க. யார் பொறப்பாங்க, எப்டி வளருவாங்க, இன்னா பேசுவாங்கன்னு அதுவே போட்டுக்கும். அந்த ஆளுங்களதான் சாட்சிக்கு இட்டாராங்க.”

“பொய் சொல்லாதா?”

“சொல்லாது. அது கவர்மெண்டு விசாரணை ஆணையம் முத்திரை வச்ச மெஷினு. கேட்டா உள்ளதத்தான் சொல்லும். ஆனா யார கூப்டணும்னு கம்பெனிதான் முடிவு பண்ணுவான்.”

“அப்ப நல்லா சிரிக்கிறதா பாத்து இட்டாருவான்,” என்று சொல்லிவிட்டு அக்கா டோக்கனை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

இதில் லோகாவுக்கு வயிறு எரிந்ததற்கு வேறு ஒரு காரணமும் உண்டு. இந்தச் சட்டமே அவர்கள் கேட்டு வாங்கியது. அவளும் இம்மானுவேலும் ஒன்பதாவது படிக்கும்போது நாடு முழுக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சீருடையோடு சாலையில் உட்கார்ந்தார்கள். எங்களுக்குப் பிறகு வரப்போகிறவர்களிடமும் கேட்டுவிட்டு ஆலையைக் கட்டு என்பதுதான் கோரிக்கை. தடியடி வாங்கினார்கள், பரீட்சையை விட்டார்கள், கடைசியில் ஜெயித்தார்கள். வருந்தலைமுறைச் சட்டம் வந்த அன்று குப்பத்தில் கேசரி கிண்டிக் கொடுத்தார்கள். கேட்கத்தான் வேண்டும் என்று பிள்ளைகள் சொன்னார்கள். யாரைக் கூப்பிட்டு, எப்படிக் கேட்பது என்பதைக் கோட்டு போட்டவர்கள் எழுதிக்கொண்டார்கள். அதைப் படித்துப் பார்க்க வேண்டும் என்று அந்த வயதில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆணையத்தின் தலைவர் மேடையேறினார். நரைத்த மீசை, நிதானமான குரல். கம்பெனி சார்பில் நந்தகிஷோர் என்பவன் எழுந்து எல்லாருக்கும் வணக்கம் வைத்தான். இளைஞன், சிரித்த முகம், ஊர்ப் பெண்கள் எல்லாரையும் சிஸ்டர் என்று கூப்பிடுகிறவன். அவன் கையை ஆட்டியதும் மேடைத் திரையில் ஒரு பெண் தோன்றினாள். ஏதோ அலுவலக அறையில் நாற்காலியில் சாய்ந்து, கூட்டத்தைப் பார்த்துக் கூச்சத்தோடு சிரித்தாள்.

“வணக்கம். என் பெயர் ரியானா. எனக்கு இருபத்து நான்கு வயது. இங்கே வளாகத்தில் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்க்கிறேன்.”

மண்டபம் மூச்சுவிடாமல் பார்த்தது. அழகான பெண். வீட்டுக்குத் தண்ணீர் வருகிறதாம், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வாசலிலேயே இருக்கிறதாம், பெண்கள் ராத்திரி வேலை முடித்துத் தனியாக நடந்து போகிறார்களாம். கேட்கக் கேட்கப் பின்வரிசைப் பெண்கள் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். லோகாவே ஒரு நொடி அந்த வாழ்க்கைக்கு ஆசைப்பட்டுவிட்டாள். அதை நினைத்து அவளுக்கு இன்னும் கோபம் வந்தது.

சங்கத்தின் முறை வந்தபோது அவள் மைக்கைப் பிடித்தாள்.

“ஆத்துல மீனு இருக்குதா?”

“ஆறா? எந்த ஆறு?” ரியானா நெற்றியைச் சுருக்கினாள். “ஓ, மேற்குப் பக்கக் கால்வாயா? அதற்கு வேலி போட்டிருக்கிறார்கள். நாங்கள் அந்தப் பக்கம் போவதில்லை.”

“அது கால்வா இல்ல. எங்க ஊரு பொம்பளைங்க அதுல எறங்கி வெறுங்கையால எறா தடவுன ஆறு. அது போயிடுச்சேன்னு உனக்கு வருத்தமா இல்லியா?”

“எது போய்விட்டது?” என்று கேட்டாள் ரியானா. கேலியில்லை. அவளுக்கு நிஜமாகவே விளங்கவில்லை.

முன்வரிசை கைதட்டியது. லோகாவுக்குத் திரையை உடைக்க வேண்டும் போல இருந்தது, ஆனால் அந்தப் பெண்மேல் கோபப்பட முடியவில்லை. அவள் பொய் சொல்லவில்லையே. இறாலைப் பார்த்தே இராதவளிடம் இறால் போனால் பரவாயில்லையா என்று கேட்டு, பரவாயில்லை என்று எழுதிக்கொள்கிறார்கள். இதைவிடச் சுலபமாக யாரிடம் சம்மதம் வாங்க முடியும்? தண்ணீரில் ஈயம் எவ்வளவு, கோபால்ட் எவ்வளவு என்று இம்மானுவேல் எழுதிக் கொடுத்திருந்த கேள்விகளை அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாம் வரம்புக்குள் இருப்பதாக ரியானா பொறுமையாகச் சொன்னாள். வரம்பை எப்போது உயர்த்தினார்கள் என்று லோகா வாயைத் திறந்தபோது மைக் செத்துப்போயிருந்தது.

“நேரம் முடிந்தது,” என்றார் தலைவர். “வேறு யாராவது?”

பின்வரிசையில் செல்வராணி எழுந்தாள். லோகாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்கா கூட்டத்தில் பேசி அவள் பார்த்ததேயில்லை.

செங்கழிக்குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஊர்க்கூட்டத்தில் யார் எழுந்தாலும் முதலில் இன்னார் வீடு என்று சொல்ல வேண்டும். சொல்லாதவன் பேச்சு சபையில் ஏறாது. கலெக்டராகவே இருந்தாலும் ஊர் அப்படித்தான் கேட்கும். கம்பெனிக்காரர்கள் முப்பது வகை அறிக்கை தயார் செய்திருந்தார்கள், இந்தக் கேள்வி வரும் என்று மட்டும் அவர்களுக்குத் தெரியவில்லை.

“கண்ணு,” என்றாள் செல்வராணி திரையைப் பார்த்து. “ரொம்ப நல்லா பேசுற. நீ யாரு வூட்டுப் பொண்ணும்மா?”

“என் பெற்றோர் வேலைக்காக வெளியூரிலிருந்து வந்தவர்கள், அம்மா. நாங்கள் சி பிளாக்.”

“நல்லா இருங்க. வேலைக்கு வந்தவங்க பொழைக்கணும். எங்கூர்ப் பசங்க யாரும் உங்கூட வேலைக்கு இல்லியா?”

ரியானா யோசித்தாள். “பழைய குப்பத்துக்காரர்களா? இல்லையம்மா. நான் யாரையும் பார்த்ததில்லை.”

“வேற எங்கனா போயிருப்பாங்க.” அக்கா தலைவர் பக்கம் திரும்பினாள். குரல் கெஞ்சியது. “சாரு, எங்க வூட்டுப் புள்ளைய ஒரு தபா காட்டுங்களேன். எங்க கீதோ அங்கேர்ந்தே பேசட்டும். ஏகாம்பரம் வூடு. எனக்குப் பொறந்ததோ, எங்கொழந்த பெத்ததோ, எதுனா ஒண்ணு. மூஞ்ச பாத்துட்டு உக்காந்துக்கறேன்.”

அக்காவுக்குக் கரு தங்கவே இல்லை என்பது மண்டபத்தில் இருந்த ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். ஒவ்வொரு தடவையும் வயிறு தெரிய ஆரம்பிக்கும், பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து வெறும் கையோடு வருவாள். காரணம் தெரியவில்லை என்று டாக்டர்கள் சொல்வார்கள். ஆற்றில் கரைத்துக் கொட்டுகிற சாம்பல் ஜன்னலில் தெரியத் தெரிய அதைச் சொல்வார்கள்.

நந்தகிஷோர் எழுந்து தடுத்தான். “சிஸ்டர், அந்த மாதிரி தனிப்பட்ட...”

“கூப்டலாம்!” என்று கத்தினான் இம்மானுவேல். “கேக்கறவங்க எந்த வாரிச வேணாலும் கூப்டலாம்னு சட்டத்துல கீது!”

தலைவர் தலையசைத்தார். திரையில் ஒரு வட்டம் கொஞ்ச நேரம் சுழன்றது. பிறகு ரியானா மறைந்து, இரண்டே சொற்கள் வந்து நின்றன. வாரிசு இல்லை.

“தப்பா இருக்கும்,” என்றாள் அக்கா. “என் தங்கச்சி வழியில பாருங்க.”

வாரிசு இல்லை.

அதற்குள் தேசம்மா எழுந்துவிட்டாள். சங்கத்தின் போராட்டப் பந்தலுக்கு டீ போட்டுக் கொடுக்கிறவள். “நாகப்பன் வூடு! எம்புள்ளைக்கு ரெண்டு பசங்க கீறாங்க, அதுங்களுக்குப் பொறந்ததக் காட்டு!” என்றாள். அவளுக்கும் அதே சொற்கள். பிறகு யாரும் முறை பார்க்கவில்லை. மூலைக்கு மூலை எழுந்து நின்று வீட்டுப் பெயரைக் கூவினார்கள். திரை எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொன்னது. மோர் பாக்கெட்டுக்காரர்கள் நாற்காலியில் சுருங்கிக்கொண்டார்கள். கத்தல் ஓயத் தொடங்கியபோது செல்வராணி இன்னும் நின்றுகொண்டேயிருந்தாள், திரையில் ஏதாவது வந்துவிடும் என்பது போல.

“ஒரு முகம் இல்ல,” என்றாள் லோகா. மைக் தேவைப்படவில்லை. “இந்த ஊருக்கே ஒரு முகம் இல்ல! ஆலை வந்தா எங்க வம்சமே இல்லன்னு உங்க மெஷினே சொல்லிடுச்சு. எழுதிக்குங்க!”

தலைவர் வெகுநேரம் தாள்களைப் புரட்டினார். நல்ல மனிதராகத்தான் இருந்திருக்க வேண்டும், நிமிர்ந்து பார்க்கவில்லை.

“சட்டம் பிறக்கப்போகிறவர்களுக்குத்தான் உரிமை தந்திருக்கிறது. பிறக்காமலே போகிறவர்கள் இந்த விசாரணையில் ஒரு தரப்பு அல்ல. அவர்களுடைய ஆட்சேபணையைப் பதிய இயலாது.”

“அப்ப ஆலை வரலன்னா இன்னா ஆவும்னும் ஓட்டிக் காட்டுங்க,” என்றான் இம்மானுவேல்.

“அதற்குச் சட்டத்தில் இடமில்லை, தம்பி.”

லோகா எப்படி மேடை ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. நான்கு போலீஸ்காரர்கள் பிடித்து இழுத்தபோதும் அவள் குரல் நிற்கவில்லை. “செத்தவங்கிட்ட ஓட்டு வாங்குவீங்க! பொறக்காதவங்கிட்ட சம்மதம் வாங்குவீங்க! உசுரோட நிக்கிறவங்கிட்ட மட்டும் மைக்கப் புடுங்குவீங்க!”

மண்டபம் ரெண்டுபட்டது. விசாரணையை அடுத்த திங்கட்கிழமைக்குத் தள்ளி வைத்துவிட்டுத் தலைவர் பின்வாசல் வழியாகப் போனார். பிரியாணி அண்டாக்கள் திறக்கப்படாமலே வண்டியேறின.

அந்த இரண்டு சொற்கள் அன்று மாலைக்குள் நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்தன. எங்கெங்கோ இருந்த கல்லூரிகளில் பிள்ளைகள் அவற்றை அட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். கம்பெனி பின்வாங்கும் என்று லோகா நினைத்தாள். கம்பெனியை அவள் அவ்வளவு குறைத்து மதிப்பிட்டிருக்கக் கூடாது.

புதன்கிழமை நந்தகிஷோர் ஊருக்குள்ளேயே வந்தான். கையில் பூங்கொத்து ஒன்றுதான் இல்லை. ஊரின் கண்ணீர் கம்பெனியை உலுக்கிவிட்டதாம். அதனால் ‘தாய்மைத் திட்டம்’ என்று ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறார்களாம். ஆலைக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போடும் குடும்பத்துப் பெண்களுக்கு நகரத்தில் வீடு, பெரிய ஆஸ்பத்திரியில் கர்ப்ப வைத்தியம், எல்லாம் இலவசம். இந்தத் திட்டத்தையும் சேர்த்து மெஷினை மறுபடி ஓட்டிப் பார்த்தார்களாம். இப்போது வீட்டுக்கு வீடு வாரிசு உண்டாம். நம்பாவிட்டால் நீங்களே பேசிப் பாருங்கள் சிஸ்டர் என்று, அதே மெஷினோடு இணைத்த போனை ஆளுக்கொன்று கொடுத்துவிட்டுப் போனான்.

அன்று சாயங்காலமே ஊர் மாறிப்போனது. மண்டபத்தில் தொண்டை கிழியக் கத்திய பெண்கள் சந்து சந்தாக உட்கார்ந்து போனோடு கொஞ்சிக்கொண்டிருந்தார்கள். தேசம்மா பந்தல் பக்கமே வரவில்லை. அவள் கொள்ளுப்பேரன் கிரிக்கெட் ஆடுகிறானாம், அவனோடு பேச நேரம் போதவில்லை. வியாழக்கிழமை கையெழுத்துகள் விழத் தொடங்கின. லோகா சங்கத்துப் பிள்ளைகளோடு வீடு வீடாகப் போய்ப் பேசினாள். கதவைத் திறந்தவர்கள் அவளை நேராகப் பார்க்கவில்லை.

அவள் வீட்டிலும் அந்தப் போன் இருந்தது. அடுப்படி அலமாரியில் உப்பு ஜாடிக்குச் சாய்த்து வைத்து அக்கா அதோடு பேசிக்கொண்டே சமைத்தாள். அமுதினி என்று பெயர். அந்தப் பெயரை அக்கா எப்போதோ தன் போனில் தேடிப் பார்த்து, யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாளாம். அது அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்டால் அக்காவுக்கு அதெல்லாம் முக்கியமில்லை. ஏழு வயது. பல் விழுந்த வாயால் சிரித்துக்கொண்டு அம்மா, சித்தி என்று கூப்பிட்டது.

“அம்மா, எப்போது கையெழுத்துப் போடுவாய்?” என்றது குழந்தை. “போடாவிட்டால் நான் வரவே முடியாதாமே.”

லோகா போய் அந்தப் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

“தொடாதடி!” என்று பாய்ந்தாள் செல்வராணி.

“வெசம் வைக்கிறதும் அவன், வைத்தியம் பாக்கறதும் அவன். இது உனக்குப் புரியலியாக்கா? கொழந்தைய முன்னாடி நிறுத்தி வச்சிகினு கையெழுத்து கேக்கறான். இத்தவிட அசிங்கம் இன்னாக்கா கீது?”

“எனக்குப் புரியாதுதான். நீ படிச்சவ.” அக்கா கரண்டியைத் தூக்கிப் போட்டாள். “நீ போராட்டம்னு ஸ்டேஷன்ல உக்காந்துகினு இருந்தப்ப நான் எங்க இருந்தேன் தெரியுமா? ஆஸ்பத்திரி பெஞ்சுல. ரத்தத்தோட. உன்ன வெளிய வுடச் சொல்லி ஊரே கோஷம் போட்டுது. எனக்காவ ஒருத்தி ஒரு கோஷம் போட்டாளா?”

லோகா தண்ணீர்க் குடத்தை உதைத்துவிட்டு வெளியே போனாள். யார்மேல் கோபம் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. அக்கா சொன்னது அத்தனையும் நிஜம். அந்த நிஜத்தைக்கூடக் கம்பெனிக்காரன் பொறுக்கி எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டானே.

சனிக்கிழமை காலையில் இம்மானுவேல் பந்தலுக்கு ஓடி வந்தான். மூச்சிரைத்தது.

“அந்தப் போன்ல வர்ற பசங்களுக்கு இன்னா வயசு?”

“அமுதினிக்கு ஏழு.”

“தேசம்மா வூட்ல ஆறு. கோவிந்தம்மா வூட்ல அஞ்சு. எல்லாம் பல்லு வுழுற வயசு. பெரிசா ஒண்ணுகூட இல்ல, பாத்தியா?” அவன் வியர்வையைத் துடைத்தான். “சாட்சிய எந்த வயசுலயும் கேள்வி கேக்கலாம் லோகா. அது சட்டத்துலயே கீது. கேட்டா மெஷின் காட்டித்தான் ஆவணும், மாத்திச் சொல்ல முடியாது. ஏன் ஏழு வயசுலயே நிறுத்தி வச்சிகிறான்?”

“செல்லமா பேசும். அதுக்குத்தான்.”

“அது மட்டும்தானான்னு கேட்டுப் பாக்கணும். ஆனா நம்ம கேட்டா தொறக்காது. கையெழுத்து போடற ஆளோட கொரலுக்குத்தான் தொறக்கும்.”

அவர்கள் போனபோது செல்வராணி மத்தியானச் சோறு ஆக்கிக்கொண்டிருந்தாள். சம்மதப் பத்திரம் அலமாரியில் போனுக்குக் கீழே மடித்து வைக்கப்பட்டிருந்தது. சாயங்காலம் நந்தகிஷோர் வாங்கிக்கொள்ள வருவதாகச் சொல்லியிருக்கிறான். இரண்டு நாளாக அக்காவும் தங்கையும் பேச்சு வைத்துக்கொள்ளவில்லை.

லோகா வாசற்படியிலேயே நின்றாள். “அக்கா, நான் போடாதன்னு சொல்ல வர்ல. உன் இஷ்டம். ஒண்ணே ஒண்ணு. அவ பெரிய பொண்ணானா எப்டி இருப்பான்னு பாக்கணும்னு உனக்கு ஆசையா இல்லியா?”

செல்வராணி சந்தேகத்தோடு பார்த்தாள். “பாக்கலாமா?”

“பதினெட்டு வயசுல பேசச் சொல்லு. காட்டும்.”

ஆசைதான் ஜெயித்தது. அக்கா கையைத் துடைத்துக்கொண்டு, தலைமுடியைக்கூட ஒதுக்கிக்கொண்டு, போனை எடுத்தாள். “அமுதினி... கண்ணு, உனக்குப் பதினெட்டு வயசு ஆனப்புறம் எங்கிட்ட பேசு.”

பல் விழுந்த முகம் அணைந்தது. படம் வரவில்லை. முதலில் வெறும் இரைச்சல். கூட்டத்தின் இரைச்சல், அதில் யாரோ முறை வைத்துக் கோஷம் போடுகிறார்கள். பிறகு ஒரு முகம் ஆடியபடி அருகில் வந்தது. வெயிலில் கறுத்து, உதடு வெடித்து, தலையில் துணியைச் சுற்றிக்கொண்டிருந்த ஒரு பெண். கண்கள் அப்படியே செல்வராணியுடையவை.

“யாரு?” குரல் கட்டிப்போயிருந்தது.

“அம்மாடி... அம்மா பேசறேன்.”

அந்தப் பெண் கூட்டத்தை விட்டு விலகி வந்தாள். “எந்த வருசத்து அம்மா? கையெழுத்து போட்டுட்டியா?”

“இன்னும் போடல கண்ணு. சாயங்காலம் வராங்க.”

“போட்டுட்டுதான் என்னப் பெத்தே. அது எனக்குத் தெரியும்.” அவள் பல்லைக் கடித்தாள். “ஏம்மா போட்டே? எனக்காவத்தான் போட்டேன்னு மட்டும் சொல்லிடாத. அத்தக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சிடுச்சு. உங்கம்மாவே சம்மதிச்சாங்களேன்னு சொல்லித்தான் எங்க வாய அடைக்கிறாங்க. என் சின்ன வயசு போட்டோவ காட்டித்தான் அடுத்த ஊர்ல கையெழுத்து வாங்கறாங்க. அடுத்த ஊருக்கும் ஆலை வருதும்மா. நான்தான் விளம்பரம். என் மூஞ்சிதான்.”

“நீ இப்ப எங்க கீற?”

“கம்பெனி கேட்டாண்ட. உங்கூர்க்காரங்களுக்குப் பொறந்த பசங்க அத்தன பேரும் இங்கதான் உக்காந்துகினு கீறோம். ஆஸ்பத்திரில பெத்து எடுத்ததும் ஆலையாண்டயே திருப்பி அனுப்பிட்டாங்க, வளர வுட்டாங்களா? பாதிப் பேருக்குக் கையில நடுக்கம். தோ பாரு.” அவள் கையைத் தூக்கிக் காட்டினாள். விரல்கள் தாமாக ஆடின. “சித்தி இருந்தா கேட்டிருக்கும். சித்திய அப்பவே உள்ள தூக்கிப் போட்டுட்டாங்க.”

லோகா வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தாள். இம்மானுவேல் அவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான்.

“போடாதம்மா,” என்றாள் அந்தப் பெண்.

“போடலன்னா நீ...” என்றாள் செல்வராணி.

“தெரியும்.”

அடுப்பில் கஞ்சி பொங்கி வழிந்து நெருப்பு சீறியது. செல்வராணி போனை முகத்துக்கு வெகு அருகில் கொண்டுபோனாள்.

“சாப்ட்டியா கண்ணு?”

“இன்னாம்மா நீ! உண்ணாவிரதத்துல உக்காந்துகினு கீறேன், சாப்ட்டியான்னு கேக்கற.” கோபமாகத்தான் ஆரம்பித்தாள். பிறகு அந்தக் கட்டிப்போன குரல் இறங்கியது. “நீ சாப்ட்டியா?”

“இனிமேதான்.” அக்கா திரையைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினாள். “எம்பொண்ணு நீ. வச்சிடறேன் கண்ணு.”

அவளே அணைத்தாள். பிறகு உட்கார்ந்து, தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். லோகா பக்கத்தில் போய் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். ஒருத்திக்கு ஒரு குழந்தையைக் காட்டி, அவள் வாயாலேயே அதை வேண்டாம் என்று சொல்ல வைத்தவர்களை என்ன செய்தால் தகும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

“ஆலை வரலன்னா எனக்குப் பொறக்குமா பொறக்காதான்னு எவனும் ஓட்டிப் பாக்கல, இல்ல?” என்று கேட்டாள் செல்வராணி, முகத்தைத் துடைத்துக்கொண்டே.

“பாக்கலக்கா. யாருக்கும் தெரியாது.”

“அது போதும்.” அவள் சம்மதப் பத்திரத்தை எடுத்து அடுப்பில் வைத்தாள். அது எரிவதைக்கூட நின்று பார்க்கவில்லை. போனை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு வாசலுக்கு வந்து செருப்பைத் தேடினாள்.

“எங்கக்கா?”

“தேசம்மா வூட்டுக்கு. அவ கொள்ளுப்பேரன் கிரிக்கெட்டே ஆடிகினு கீறானாம். அவனுக்கும் பதினெட்டு வயசு ஆவட்டும். அப்பால கோவிந்தம்மா வூடு. ஏண்டா இம்மான், மரமாட்டம் நிக்கிற? நீ தெக்குத் தெருவப் பாரு.”

அந்த மத்தியானம் செங்கழிக்குப்பத்தில் வீட்டுக்கு வீடு பிள்ளைகள் பெரியவர்களானார்கள். ஆனதும் ஆனார்கள், வாய்க்கு வந்தபடி பெற்றவர்களைத் திட்டினார்கள். விஷயம் காதில் விழுந்து நந்தகிஷோர் காரை விரட்டிக்கொண்டு வந்து சேர்வதற்குள் பாதி ஊர் திட்டு வாங்கி முடித்திருந்தது. மீதிப் பாதி அவன் வருவதற்காகத் தெருமுனையில் காத்திருந்தது.